அண்ணன் வண்டியின் பின் சீட்

கெர்பாவ் ரோடு, சிங்கப்பூர்
14-2-1961

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கே அம்மாவும் நானும் சௌக்கியம். அங்கே உங்கள் அப்பா, அம்மா, எல்லாரையும்விட முக்கியமாக உங்கள் இடுப்பு சௌக்கியமா? சிங்கப்பூரிலிருந்து சிரம்பான் வரைக்கும் பட்டுச்சேலையோடு ஒரு பக்கமாகக் காலைத் தொங்கவிட்டுக்கொண்டே போனவரிடம் முதலில் இடுப்பைத்தான் விசாரிக்க வேண்டும்.

நீங்கள் புறப்பட்டுப் போன ஞாயிற்றுக்கிழமையைப் பற்றித்தான் தேக்கா வட்டாரத்தில் இன்னும் பேச்சு. "அழகப்பன் நேவல் பேஸ் வேலைய விட்டுட்டு, பொண்டாட்டியோட மோட்டார் சைக்கிள்ல லண்டன் போறானாம்லா! பினாங்கு வரைக்கும் ரோடு, அப்புறம் நாகப்பட்டினத்துக்குக் கப்பல், அங்கேருந்து மறுபடி ரோடாம்!" என்று சந்தையில் ஆட்டுக்கறி வெட்டுகிறவர் என்னிடமே சொல்கிறார். எனக்குத் தெரியாதா? அந்த வழியை அட்லஸில் பென்சிலால் கோடு போட்டு வைத்ததே நான்தான்.

காளியம்மன் கோயில் வாசலில் தேங்காய் உடைத்து, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, தெருவே நின்று கை காட்டியது. நீங்கள் அந்த அரக்குப் பட்டில் பொண்ணழைப்புக்குப் போகிற மாதிரி சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். கண் பட்டுவிடும் என்று அம்மாவுக்கு ஒரே பயம். மிளகாய் சுற்றிப் போட்டார்கள். கண் பட்டிருந்தால் அது வெளியார் கண்ணாக இருக்காது அண்ணி, இதை மறைப்பானேன்.

சிரம்பானில் எத்தனை நாள் தங்கல்? மாமியார் வீட்டு விருந்தை விட்டு அண்ணன் லேசில் கிளம்பமாட்டார். இந்த வேகத்தில் போனால் லண்டனுக்கு உங்கள் பேரப்பிள்ளைகள்தான் போய்ச் சேர்வார்கள்.

பெரியவர்களுக்கு என் வணக்கம் சொல்லவும்.

தங்கள் நாத்தனார்,
பூவம்மா


சிரம்பான்
27-2-1961

அன்பும் மரியாதையும் கொண்ட பூவம்மா அக்காவுக்கு மரகதம் எழுதுவது.

அத்தையின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? இங்கே எல்லாரும் கடவுள் புண்ணியத்தில் நலம். முறைப்படி நான் அண்ணி, உங்களைப் பேர் சொல்லியே கூப்பிடலாம் என்று எங்கள் அம்மா சொல்கிறார். வயதில் மூத்தவரைப் பேர் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அக்கா என்றே எழுதுகிறேன்.

இடுப்பு நன்றாகத்தான் இருக்கிறது. மனசுதான் கொஞ்சம் சரியில்லை. யாரிடம் சொல்வது என்று தெரியாமல் உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் அவரை நன்றாக அறிந்தவர்.

கல்யாணமாகி நாலு மாதத்தில் அவர் என்னிடம் முகம் கொடுக்காமல் இருந்ததே இல்லை. நான் வாயைத் திறந்தால் போதும், கையில் இருக்கிற வேலையை வைத்துவிட்டு என் முகத்தையே பார்ப்பார். இப்படி ஒரு புருஷனா என்று நானே பெருமைப்பட்டிருக்கிறேன். ஆனால் ஜொகூர் பாலம் தாண்டியதிலிருந்து சிரம்பான் வரும் வரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை அக்கா. ரப்பர் தோட்டத்துக்கு நடுவில் ஒரு குரங்குக் கூட்டம் ரோட்டைக் கடந்தது. "என்னங்க, அந்தக் குட்டியைப் பாருங்க" என்றேன். பதில் இல்லை. பாடினேன். பதில் இல்லை. மூவாரில் மழை வந்தது, "நனைஞ்சிடுவோம், ஒதுங்கலாங்க" என்றேன். நனைந்துகொண்டே ஓட்டினார். இறங்கியதும் பழையபடி சிரிப்பு, பேச்சு. ரோட்டில் மட்டும் அவர் யாரோ, நான் யாரோ.

நீங்கள் ஞாயிற்றுக்கிழமை தோறும் அவரோடு சாங்கிக் கடற்கரைக்கு வண்டியில் போவீர்கள் என்று அத்தை சொல்லியிருக்கிறார். உங்களிடமும் இப்படித்தான் இருப்பாரா?

விசாவுக்காக அடுத்த வாரம் கோலாலம்பூர் போகிறோம். அங்கே அவருடைய சிநேகிதர் வீட்டு விலாசத்துக்கு எழுதவும்.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்
மரகதம்


சிங்கப்பூர்
8-3-1961

அன்புள்ள அண்ணிக்கு,

அம்மாவின் முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டு வந்து எழுதுகிறேன். மற்றபடி நலம். உங்கள் ஊரில் மழை விட்டதா?

கேட்டீர்கள், சொல்கிறேன். சாங்கி போகும் வழியெல்லாம் அண்ணன் வாய் ஓயாது. நான் ஒன்று சொன்னால் அவர் ஒன்பது சொல்வார். பிடோக் பக்கம் ஒரு சீனக் கிழவர் வாத்து ஓட்டிக்கொண்டு போனால், அந்த வாத்து ஒவ்வொன்றுக்கும் எங்கள் சொந்தக்காரர்கள் பேரை வைப்போம். சிரித்துச் சிரித்து ஒரு தடவை வண்டியே மணலில் இறங்கிவிட்டது.

நான் தமிழ்ப் பள்ளிக்கூடத்து வாத்தியாரம்மா, உங்களுக்கும் ஒரு பாடம் நடத்துகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். 'நாம்' என்றால் கேட்கிறவரும் சேர்த்தி. 'நாங்கள்' என்றால் கேட்கிறவர் வெளியே. இதை இரண்டாம் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லும். சின்ன வயதிலிருந்து அண்ணன் என்னிடம் சொன்னது "நாம லண்டன் போவோம் பூவு." அதை நம்பித்தான் நான் பாஸ்போர்ட் எடுத்தேன், அது இன்னும் பெட்டியில் தூங்குகிறது. அதை நம்பித்தான் வந்த மாப்பிள்ளைகளை எல்லாம் மூக்கு சரியில்லை, முழி சரியில்லை என்று திருப்பி அனுப்பினேன். கார்த்திகை மாதம் சாப்பிட உட்கார்ந்தபோது, ரசத்தைப் பிசைந்துகொண்டே, "நாங்க லண்டன் போறோம்" என்றார். பக்கத்தில் நீங்கள் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தீர்கள். நான் பாதிச் சோற்றோடு எழுந்துவிட்டேன். நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள்.

ஆகவே அண்ணன் ஏன் பேசுவதில்லை என்று என்னைக் கேட்டால் நான் என்ன சொல்ல? என்னோடு பேச அவருக்கு நிறைய இருந்தது. உங்களோடு என்ன இருக்கிறதோ. போகப் போகச் சரியாகும், மனசைப் போட்டு அலட்டிக்கொள்ள வேண்டாம்.

இப்படிக்கு,
பூவம்மா


கோலாலம்பூர்
22-3-1961

பூவு,

நான் சுகம். அம்மாவை நேரத்துக்குச் சாப்பிடச் சொல். விசா இன்னும் கைக்கு வரவில்லை, இழுத்தடிக்கிறார்கள்.

உன் அண்ணிக்கு என்ன எழுதினாய்? உன் கடிதத்தைப் படித்த நாளாக முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள். கேட்டால் "ஒண்ணுமில்லங்க" என்கிறாள்.

என்ன நடக்கிறது என்று உனக்கு மட்டும்தான் புரியும். அவள் சேலை கட்டிக்கொண்டு ஒரு பக்கமாக உட்காருகிறாள் இல்லையா, அவள் வாய் சரியாக என் இடது காதுக்கு வருகிறது. ஜப்பான்காரன் அறைந்த காது. அவள் ஏதோ சொல்கிறாள் என்றுகூட எனக்குத் தெரிவதில்லை. வீட்டில் முகத்தைப் பார்த்து, உதட்டைப் பார்த்துச் சமாளித்துவிட்டேன். ரோட்டில் முதுகுப் பக்கம் எனக்குக் கண்ணா இருக்கிறது?

கல்யாணத்துக்கு முன்னால் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இப்போது சொன்னால் "செவிட்டுப் பயல என் தலையில கட்டிட்டாங்க" என்று அழுவாள், அவள் அப்பா நடு வீட்டில் பஞ்சாயத்து வைப்பார். சண்டைக் காலத்தில் பாலத்தில் காவல் நின்ற சென்ட்ரிக்குக் குனிந்து கும்பிடவில்லை என்று அவன் என்னை அறைந்தபோது நீ பக்கத்தில் நின்றாய். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று என் கையில் அடித்துச் சத்தியம் செய்தாய். அம்மாவுக்கே இன்றுவரை தெரியாது. அது அப்படியே இருக்கட்டும்.

நீ என் பழைய பேண்டைப் போட்டுக்கொண்டு, இரண்டு பக்கமும் காலைப் போட்டு உட்கார்ந்து, வலது தோளில் முகவாயை வைத்துப் பேசிக்கொண்டு வருவாய். அம்மா திட்டுவார்கள். அப்படி ஒரு சவாரி இனி எங்கே! இப்போது பின்னால் மூட்டை இருக்கிற மாதிரி இருக்கிறது. இதை அவளிடம் சொல்லிவிடாதே.

அண்ணன்


சிங்கப்பூர்
27-3-1961

அன்புள்ள அண்ணனுக்கு,

அம்மா நேரத்துக்குத்தான் சாப்பிடுகிறார்கள். நீ இல்லாததால் நண்டு மட்டும் வாங்குவதில்லை.

உன் கடிதத்தின் கடைசி நாலு வரியை எத்தனை தடவை படித்தேன் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. பின்னால் மூட்டையாமே. நல்லா வேணும் உனக்கு. பேண்ட் போடத் தெரிந்தவளை வாசலில் நின்று கை காட்டச் சொல்லிவிட்டு, பட்டுச்சேலையை ஏற்றிக்கொண்டு போனாய். பொறாமையா என்று கேட்பாய். ஆமாம், பொறாமைதான். வயிறு எரிகிறது. நீ கல்யாணம் பண்ணிக்கொண்டதற்கு இல்லை. அந்த சீட்டில் இன்னொருத்தி உட்கார்ந்ததற்கு.

சத்தியத்தை நான் மீறமாட்டேன். அண்ணி கேட்டால்கூடச் சொல்லமாட்டேன். உன் காதை நீ பார்த்துக்கொள்.

பூவு


ஈப்போ
11-4-1961

அன்புள்ள பூவம்மா அக்காவுக்கு,

அத்தைக்கு என் வணக்கம். நான் உயிரோடு இருக்கிறேன் என்று எழுத வேண்டிய நிலை.

முந்தாநாள் தாப்பா தாண்டி வரும்போது என் முந்தானை பறந்து பின்சக்கரத்தில் மாட்டிக்கொண்டது. கொஞ்சம் கொஞ்சமாக இழுக்க ஆரம்பித்தது. ஒரு கையால் சேலையை இழுத்துப் பிடித்தேன், இன்னொரு கையால் சீட்டைப் பிடித்துக்கொண்டேன். அவரைத் தட்ட எனக்குக் கை இல்லை. "நிறுத்துங்க, நிறுத்துங்க" என்று கத்தினேன். தொண்டை கிழியக் கத்தினேன் அக்கா. அவர் காதுக்குப் பக்கத்தில்தான் என் வாய். திரும்பக்கூட இல்லை. அவர் பேரைச் சொல்லிக்கூடக் கூப்பிட்டுவிட்டேன், அதற்கும் நிறுத்தவில்லை.

பின்னால் வந்த லாரிக்காரர் பார்த்துவிட்டு வலது பக்கம் ஒட்டி வந்து ஹாரன் அடித்தார். அதற்கு உடனே நிறுத்தினார். அந்த லாரிக்காரர் பேர் சேக் தாவூது, நல்ல மனுஷர். பாதிச் சேலை சக்கரத்தில் போய்விட்டது. முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு லாரியில் வைத்திருந்த மாற்றுக் கைலியை எடுத்துப் போர்த்திக்கொள்ளக் கொடுத்தார். "என்னா தம்பி, அந்தப் புள்ள அவ்வளவு கத்துது, ஒனக்குக் கேக்கலியா?" என்றார். இவர், "காத்துல கேக்கலண்ணே" என்றார்.

நான் கேட்கிறேன் அக்கா. காற்றில் ஹாரன் கேட்கும், பொண்டாட்டி குரல் மட்டும் கேட்காதா? என் தோள் உரிந்துவிட்டது, கழுத்தில் கயிறு போட்டு இழுத்த மாதிரி தடம். அதுகூட ஆறிவிடும். அவருக்கு என்னைப் பிடிக்கவில்லை. வீட்டில் நடிக்க முடிகிறது, ரோட்டில் முடியவில்லை. அவ்வளவுதான்.

நீங்கள் எழுதியதை நன்றாக யோசித்தேன். அந்த இடம் உங்களுடையது. எனக்குத் தெரிந்திருந்தால் உட்கார்ந்தே இருக்கமாட்டேன். பினாங்கிலிருந்து நான் ரயிலில் அப்பா வீட்டுக்குப் போய்விடுகிறேன். நீங்கள் பினாங்குக்கு வந்துவிடுங்கள். கப்பல் மே நாலாம் தேதி. அவரிடம் இன்னும் சொல்லவில்லை. நீங்கள் வந்து நின்றால் அவர் சந்தோஷப்படுவார்.

மரகதம்


பினாங்கு
22-4-1961

பூவம்மா அக்காவுக்கு,

நலம். இத்தனை நாளாகியும் உங்களிடமிருந்து ஒரு வரிகூட இல்லை. ஆனால் அத்தை யாரையோ பிடித்து அவருக்குக் கடிதம் எழுதச் சொல்லியிருக்கிறார். "பூவம்மா பள்ளிக்கூடத்துல லீவு கேட்டிருக்கா, ஒன் பழைய பேண்ட்டை வெளுத்துக் காயப்போட்டிருக்கா, என்னான்னு கேட்டா சொல்ல மாட்டேங்குறா" என்று அதில் இருக்கிறது. இவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. எனக்கு விளங்கியது.

நீங்கள் வருகிறீர்கள் என்றே வைத்துக்கொள்கிறேன். வண்டியின் பக்கப் பைகளில் இருந்து என் சாமானை எடுத்துவிட்டேன். உங்களுக்கு இடம் தாராளமாக இருக்கும்.

மரகதம்


சிங்கப்பூர்
25-4-1961

அன்புள்ள அண்ணிக்கு,

தோள் காயம் ஆறிவிட்டதா? தழும்பு விழாமல் இருக்கத் தேங்காய் எண்ணெய் தடவுங்கள்.

லீவு கேட்டது உண்மை. பேண்ட் வெளுத்ததும் உண்மை. நேற்று தஞ்சோங் பகார் ஸ்டேஷனுக்குப் போய் டிக்கெட் வாங்க வரிசையில்கூட நின்றேன். நீங்களாகவே எழுந்து இடம் கொடுத்துவிட்டீர்கள், நான் போய் உட்கார வேண்டியதுதான். ஒருத்தரும் என்னைக் குறை சொல்ல முடியாது. இதை நினைத்து இரண்டு வாரமாக எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

வரிசை நகர்ந்து என் முறை வந்தது. "எங்கம்மா?" என்றார் டிக்கெட் கொடுப்பவர். "பினாங்கு" என்று சொல்ல வாயெடுத்தேன். நீங்கள் "நிறுத்துங்க, நிறுத்துங்க" என்று கத்தியது அண்ணன் காதில் விழவில்லை. உங்கள் கடிதம் வந்த நாளாக அது என் காதில் விழுந்துகொண்டே இருக்கிறது. பின்னால் நின்ற சீனர் "ஐயோ, சீக்கிரம்லா!" என்று முணுமுணுத்தார். விலகி வந்துவிட்டேன்.

கேளுங்கள். அண்ணனுக்கு இடது காது கேட்காது. சுத்தமாகக் கேட்காது. ஜப்பான்காரன் காலத்தில் ஒரு சென்ட்ரி அறைந்து போன காது. எனக்கும் அவருக்கும் மட்டும்தான் தெரியும். நீங்கள் சேலை கட்டி ஒரு பக்கமாக உட்கார்ந்தால் உங்கள் வாய் அந்தச் செத்த காதுக்கு நேராக வரும். குரங்குக் குட்டி, பாட்டு, மழை எதுவும் அவருக்குக் கேட்டிருக்காது. லாரி வலது பக்கம் வந்தது, அதனால் ஹாரன் கேட்டது. வீட்டில் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததும் உதட்டைப் படிக்கத்தான். ஆசையும் கொஞ்சம் இருந்திருக்கலாம், எனக்கு அதைச் சொல்ல மனசு வரவில்லை, ஆனாலும் இருந்திருக்கும்.

உங்கள் முதல் கடிதத்தைப் படித்ததுமே எனக்கு இது புரிந்துவிட்டது. சத்தியம் செய்திருக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில், சத்தியம் இல்லாவிட்டாலும் சொல்லியிருக்கமாட்டேன். அவர் உங்களோடு பேசவில்லை என்று படித்தபோது அவ்வளவு இனிப்பாக இருந்தது. இப்போது சத்தியத்தை உடைத்துவிட்டேன். அண்ணன் என்னை மன்னிக்கிறாரோ இல்லையோ, அது எங்கள் பாடு.

செய்ய வேண்டியது இதுதான். சேலையை மடித்துப் பெட்டியில் வையுங்கள். நல்ல தையற்காரரிடம் பேண்ட் தைத்துக்கொள்ளுங்கள். வெட்கப்பட்டால் சேலை மறுபடி சக்கரத்துக்குத்தான் போகும். இரண்டு பக்கமும் காலைப் போட்டு உட்காருங்கள். வலது தோளுக்கு மேலே முகத்தைக் கொண்டுபோய்ப் பேசுங்கள். கத்த வேண்டாம், சாதாரணமாகப் பேசினாலே கேட்கும்.

இதை எழுதிக்கொடுக்க எனக்கு எப்படி இருக்கிறது என்று கேட்காதீர்கள். உங்கள் மேல் பொறாமை தீர்ந்துவிட்டது என்று பொய் சொல்லமாட்டேன். தீரவில்லை. தீரும் என்றும் தோன்றவில்லை. அதற்காக உங்களைச் சக்கரத்தில் விட முடியாது.

அம்மாவுக்கு எதுவும் தெரிய வேண்டாம்.

பூவம்மா


பினாங்கு
3-5-1961

அன்புள்ள பூவம்மா அக்காவுக்கு,

நாங்கள் இருவரும் சுகம். அத்தையிடமும் அப்படியே சொல்லுங்கள்.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு ஒன்று செய்தேன். அவர் வாசலில் உட்கார்ந்து செயினுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். இடது பக்கமாகப் போய் நின்று, மெதுவாக, "நீங்க ஒரு பொய்க்காரர்" என்றேன். திரும்பவில்லை. அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். அழுகிற முகத்தை நிமிர்ந்து பார்த்ததும் பதறிப்போனார்.

நீங்கள் காதைப் பற்றி எழுதியதைச் சொன்னேன். உங்கள் மேல் அவருக்குக் கோபம் வந்தது. அரை நாள் இருந்தது. சாயங்காலம் மீன் குழம்பு வாசனை வந்ததும் போய்விட்டது. எங்கள் அப்பாவிடம் சொல்லட்டுமா என்று கேட்டேன். என் கையைப் பிடித்துக் கெஞ்சினார். சொல்லப்போவதில்லை.

பேண்ட் தைத்துவிட்டேன். சூலியா ஸ்ட்ரீட்டில் அப்துல் அலீம் என்று ஒரு தையற்காரர். "யாருக்கும்மா, தம்பிக்கா?" என்று கேட்டுவிட்டு, எனக்குத்தான் என்றதும் அளவெடுக்க வெட்கப்பட்டுத் தன் மனைவி ருக்கையாவைக் கூப்பிட்டார். நேற்று அதைப் போட்டுக்கொண்டு ஒத்திகை பார்க்க பத்து பெரிங்கி கடற்கரைக்குப் போனோம். நீங்கள் சொன்ன மாதிரியே உட்கார்ந்தேன். ரோட்டில் இருந்தவர்கள் எல்லாம் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

கடல் தெரிய ஆரம்பித்த வளைவில் அவர் வலது தோளுக்கு மேலே எட்டி, முதல் தடவையாக, "என்னங்க" என்றேன்.

உடனே சிரித்தார் அக்கா. நான் இத்தனை நாள் பார்த்திராத சிரிப்பு. தலையைக் கொஞ்சம் சாய்த்து, கன்னத்தை என் கன்னத்தில் ஒட்டிக்கொண்டு, "சொல்லு பூவு" என்றார்.

தான் என்ன சொன்னோம் என்றுகூட அவருக்குத் தெரியவில்லை. நானும் சொல்லவில்லை. "இளநி குடிக்கலாங்க" என்றேன். வண்டியை நிறுத்தி வாங்கிக் கொடுத்தார். குடித்தேன்.

பொறாமை தீரவில்லை என்று எழுதியிருந்தீர்கள். இனி உங்களுக்கு அது எதற்கு அக்கா? என்னிடம் விட்டுவிடுங்கள். லண்டன் போய்ச் சேரும் வரைக்கும் எனக்கு வேண்டியிருக்கும்.

விடிந்தால் கப்பல்.

மரகதம்